உங்களுக்குத் தெரியுமா? ரசத்திலும் வெள்ளை ஒயினிலும் ஒரே புளிப்பு!

உங்கள் வீட்டு ரசத்தில் நாக்கைச் சுண்டுகிற புளிப்பும், பிரான்ஸ் நாட்டு டிரை ஒயிட் ஒயினில் இருக்கும் புளிப்பும் ஒன்றேதான்! இரண்டுக்கும் பெயர் டார்டாரிக் அமிலம். பழ வகைகளில் இந்த அமிலத்தை அள்ளி வைத்திருப்பவை இரண்டு. ஒன்று திராட்சை, இன்னொன்று நம்ம ஊர்ப் புளி!

யாரிடம் அதிகம்? சந்தேகமே வேண்டாம், புளிதான்! ஒரு லிட்டர் ஒயினில் எல்லா அமிலங்களும் சேர்ந்தே 5 முதல் 8 கிராம். புளியின் சதையிலோ டார்டாரிக் அமிலம் மட்டுமே 8 முதல் 18 சதவீதம்!

கார்த்திகை தீபம் வருகிறதென்று குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறீர்கள் அல்லவா? கறுத்துப்போன பித்தளையைப் பளபளக்க வைப்பதும் இதே ஒயின் அமிலம்தான்!

வெள்ளை ஒயின் பாட்டிலைப் பல நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னும். பயந்து கொட்டிவிடாதீர்கள். அது கண்ணாடி இல்லை, அமிலம் உப்பாகிப் படிந்தது. வெளிநாட்டில் இதற்குச் செல்லப் பெயரே ‘ஒயின் வைரம்’!

ஒயின் பீப்பாயின் உட்சுவரில் ஒட்டிய அதே உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் என்ன கிடைக்கும்? பேக்கரிக்காரர்கள் தேடும் கிரீம் ஆஃப் டார்ட்டர்! சில பேக்கிங் பவுடர்களில் சேர்வதும் இதுதான்!

அந்த உப்பிலிருந்து அமிலத்தை முதன்முதலில் தனியே பிரித்தவர் சுவீடன் விஞ்ஞானி ஷீலே. வருடம் 1769!

லூயி பாஸ்டர் உலகப் புகழை நோக்கி எடுத்துவைத்த முதல் அடியும் இந்த அமிலத்தில்தான்! 1848-ல், அதன் உப்புப் படிகங்களை இடக்கை வகை, வலக்கை வகை என்று இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். அப்போது அவருக்கு வயது 25!

நம்ம செங்கத்தில் மூங்கில் தேறல்!

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் செங்கம் சாதாரண ஊரா? சங்க இலக்கியத்தின் நாயக ஊர்! 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் முழுக்க முழுக்கச் செங்கத்து மன்னன் நன்னனைப் பற்றியதுதான்!

அந்த மலைநாட்டுக்காரர்கள் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்துத் தேறல் என்ற மது ஆக்கினார்கள். ஓக் மரப் பீப்பாய் என்று உலகமே பெருமை பேசுகிறதே, நம்மிடம் மூங்கில் பீப்பாய் இருந்தது. அதுவும் ஏறத்தாழ 1,800 வருடங்களுக்கு முன்பே!

இன்னும் கேளுங்கள். அதே பாட்டில் ஒரு சமையல் குறிப்பும் ஒளிந்திருக்கிறது! அருவி அடித்துக்கொண்டு வந்த பலாப்பழத்தின் கொட்டையை மாவாக்குகிறார்கள். அதோடு புளி. அதோடு மோர். உலையிலோ மூங்கிலரிசி! கூந்தலில் பூச்சூடிய குறமகள் துழாவத் துழாவ மலைச்சாரலே மணக்கிறது. புளிப்பை வைத்துச் சுவையைத் தூக்கி நிறுத்தும் வித்தை பிரெஞ்சுச் சமையலறையில் பிறந்தது என்று இனி யாராவது சொல்லட்டும் பார்ப்போம்!

மலைபடுகடாம் இடம்பெற்ற பத்துப்பாட்டு நூல்களை ஓலைச்சுவடியிலிருந்து மீட்டு உ.வே.சாமிநாதையர் அச்சிட்ட வருடம் 1889!

புதுச்சேரிக்குக் கப்பலில் வந்த ஒயின்!

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே போனால் புதுச்சேரி. அதன் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் அங்கே தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டினார். வெளியே வந்தவை, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் சுமந்து வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள்!

அந்தச் சாடிகளுக்கு அடிப்பாகம் கூர்மையாக இருக்கும். தரையில் நிற்காது. மணலில் குத்தி வைப்பார்கள், கப்பலில் வரிசையாகச் சாய்த்து அடுக்குவார்கள்!

அரிக்கமேட்டில் கிரேக்கத்துக் கோஸ் தீவுப் பாணிச் சாடிகள் நிறையவே கிடைத்தன. கோஸ் தீவு ஒயினில் என்ன விசேஷம் தெரியுமா? அதில் கடல்நீரைக் கலப்பார்கள்! அந்தத் தீவின் உப்புக்கரித்த வெள்ளை ஒயினைப் பற்றி ரோமானிய அறிஞர் பிளினியே எழுதி வைத்திருக்கிறார்!

யவனர்கள், அதாவது கிரேக்க ரோமானியர்கள், நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமான தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, வளையணிந்த பெண்கள் நாள்தோறும் பரிமாற, மன்னன் பருகினான். எந்த மன்னன்? பாண்டியன் நன்மாறன்! பாடியவர் நக்கீரர்! பாட்டு புறநானூறு 56!

சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்த சரக்குகளின் பட்டியலை ஒரு கிரேக்க வணிகர் எழுதி வைத்தார். பவளம், செம்பு, கண்ணாடியோடு ஒயினும் அதில் உண்டு. காலம் கி.பி. முதல் நூற்றாண்டு!

சாம்பல் தாழியில் 5 லிட்டர்!

உலகிலேயே மிகப் பழைய, இன்னும் திரவமாகவே இருக்கும் ஒயின் எது? ஸ்பெயினின் கார்மோனா நகரில் ஒரு ரோமானியக் கல்லறையில் இருந்த சாம்பல் தாழியில் 2019-ல் கிடைத்தது. சுமார் 5 லிட்டர்! எரித்த எலும்புகளும் அதற்குள் மூழ்கிக் கிடந்தன!

நிறமோ செம்பழுப்பு. ஆனால் 2024-ல் வந்த ஆய்வு முடிவு எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. அது வெள்ளை ஒயின்! வயது சுமார் 2,000!

துட்டன்காமன் கல்லறையில் 26 ஒயின் சாடிகள் இருந்தன. சிவப்பு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். 2006-ல் வெள்ளை ஒயினின் தடயமும் மாட்டியது. வயது 3,300 வருடங்களுக்கு மேல்!

ஒயினின் பிறந்த வீடு பிரான்ஸ் இல்லை, இத்தாலியும் இல்லை. ஜார்ஜியா! அங்கே மண்பானையில் ஒட்டியிருந்த தடயத்துக்கு வயது 8,000!

கறுப்பிலிருந்து வெள்ளை!

வெள்ளை ஒயின் செய்யப் பச்சைத் திராட்சை வேண்டும் என்று யார் சொன்னது? கறுப்புத் திராட்சையிலும் செய்யலாம்! பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறு நிறமற்றது. நிறம் முழுக்கத் தோலில்தான். பிழிந்ததும் தோலைத் தூக்கி எறிந்தால் வேலை முடிந்தது!

பச்சைத் திராட்சை எப்படி வந்தது? கறுப்புத் திராட்சையில் நிறம் தரும் 2 ஜீன்கள் கெட்டுப்போனதால்! அந்தப் பிசகு நடந்திருக்காவிட்டால் உலகில் பச்சைத் திராட்சையே கிடையாது!

சிவப்பு ஒயின்களின் ராஜாவான கேபர்நே சாவின்யோனைப் பெற்றது யார்? பெற்றோரில் ஒருவர் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை! 1997-ல் டி.என்.ஏ. சோதனை இந்தக் குடும்ப ரகசியத்தை உடைத்தது!

வெள்ளை ஒயின் வயதாக ஆகக் கருக்கும். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுக்கும்!

பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்களும் சிவப்பு ஒயினுக்கே உரிய வாசனைகளை வரிசையாக எழுதித் தள்ளினார்கள்! 2001-ல் வெளியான ஆய்வு. மூக்கை ஏமாற்றியது கண்!

‘டிரை’ என்றால் சர்க்கரை இல்லாதது என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்குள் இருக்கவேண்டும். புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரை சலுகை! ஒரு லிட்டர் கோலாவில் எவ்வளவு? சுமார் 100 கிராம்!

திராட்சையில் இருந்த சர்க்கரை எங்கே போகிறது? ஈஸ்ட் தின்றுவிடுகிறது! லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் 1 சதவீத ஆல்கஹால். 200 கிராம் இருந்தால் கிட்டத்தட்ட 12 சதவீதம்!

அப்போது கிளம்பும் கரியமில வாயு கொஞ்சமா நஞ்சமா? ஒரு லிட்டர் திராட்சைச் சாற்றிலிருந்து சுமார் 50 லிட்டர் வாயு!

வெள்ளை ஒயினுக்குக் குளிர்ச்சி வேண்டும். நொதிக்கவைப்பது பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரிக்குள். அக்னி நட்சத்திரத்தில் திருவண்ணாமலையின் வெயில் 40 டிகிரி!

கம்பம் முதல் நாசிக் வரை!

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை அறிமுகப்படுத்தியவர் யார்? ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்! வருடம் 1832!

பெரும்பாலான வெளிநாடுகளில் வருடத்துக்கு ஒரே ஒரு அறுவடை. கம்பத்தில் வருடம் முழுவதும் அறுவடை! 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது!

பன்னீர் திராட்சையின் வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் குடும்பத்தின் வாசனைக்குக் காரணமான லினலூல்தான் கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கிறது. இன்னொரு மணமான ஜெரானியால் ரோஜாவில் இருக்கிறது. தனியா வாசனையும் ரோஜா வாசனையும் ஒரே பழத்தில்!

சாவின்யோன் பிளாங்க் ஒயினை முகர்ந்தால் குடமிளகாய் வாசம் வரும். கற்பனை இல்லை, இரண்டிலும் ஒரே வேதிப்பொருள்! ஒரு கிராமை 50 கோடி பங்காக்கி, அதில் ஒரே ஒரு பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும்!

நாசிக்கில் சுலா நிறுவனம் 2000-ல் தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. அவை எவை தெரியுமா? சாவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க். இரண்டுமே வெள்ளை!

பிரான்சில் திராட்சை அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. நாசிக்கில் ஒயின் திராட்சையைப் பறிப்பது பொங்கல் சமயத்தில் தொடங்கி மார்ச் வரை!

வாணலியில் நடக்கும் வித்தை!

வெங்காயமோ காளானோ வதக்கி எடுத்தபின் வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் அல்லவா? அதைத் தேய்த்துக் கழுவினால் சுவையைக் கழுவிக் கொட்டியதாக அர்த்தம்! பிரெஞ்சுச் சமையல்காரர் சூடான வாணலியில் அரை கப் வெள்ளை ஒயினைச் சட்டென்று ஊற்றுவார். சுர்ரென்று ஆவி எழும்பும். மரக்கரண்டியால் சுரண்டுவார். பழுப்பெல்லாம் கரைந்து வரும். பாதியாகச் சுண்டியதும் ஒரு கட்டி வெண்ணெய். இரண்டே நிமிடத்தில் சாஸ் தயார்!

இனிப்பு ஒயினைச் சுண்டவைத்தால் சர்க்கரை கெட்டிப்பட்டுக் குழம்பு தித்திக்கும். அதனால்தான் சமையலுக்குக் கேட்பது பெரும்பாலும் டிரை!

புளி ஊற்றிவிட்டால் காய் வேகாது என்பது பாட்டி சொல்லும் ரகசியம். ஒயின் ஊற்றினாலும் உருளைக்கிழங்கு வேகாது! முதலில் காய், பிறகு புளிப்பு. இந்தச் சட்டம் செங்கத்துக்கும் பாரிஸுக்கும் பொது!

மீன் குழம்பில் புளி எதற்கு? சுவைக்கு மட்டுமா? மீன் கவிச்சிக்குக் காரணமான அமீன்களை அமிலம் அடக்கிவிடுகிறது! பிரெஞ்சுக்காரர்கள் மீனுக்கு வெள்ளை ஒயின் ஊற்றினாலும் நடப்பது இதேதான்!

சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற உணவு ஃபாண்ட்யூ. சீஸை உருக்கி ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். வெள்ளை ஒயின் ஊற்றாவிட்டால் சீஸ் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும்! சீஸில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துவைத்து அதைப் பட்டுப்போல் உருகவைப்பவர் யார்? நம்ம டார்டாரிக் அமிலம்!

அலுமினியச் சட்டியில் ஒயின் ஊற்றிச் சமைக்கவே கூடாது. புளிக்குழம்பையும்தான்! அமிலம் பாத்திரத்தை அரித்துவிடும். செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர்களுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது!

வெளிநாட்டுக் கடைகளில் ‘குக்கிங் ஒயின்’ என்று ஒன்று விற்கிறார்கள். அதில் சுமார் 1.5 சதவீதம் உப்பு! வாங்கி யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே போடும் உப்பு!

திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் 3 முதல் 5 நாள்தான் தாங்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் மாதக்கணக்கில் கவலையே இல்லை. ஒரு குழம்புக்கு இரண்டு கட்டி!

அமெரிக்கர்களுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கற்றுக்கொடுத்த ஜூலியா சைல்ட், வெள்ளை ஒயின் இல்லையா, மூலிகை சேர்த்த ஒயினான டிரை வெர்மூத் ஊற்றுங்கள் என்றார். அவர் புத்தகம் வந்த வருடம் 1961!

கோவாவின் விண்டலூ தெரியும் அல்லவா? போர்ச்சுகல்காரர்கள் கறியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைத்த பண்டம் அது. கோவாவில் ஒயினுக்குப் பதில் வந்து உட்கார்ந்தது தென்னங்கள் வினிகர்!

அட, இதில் மீனா!

ஒயின் என்றால் திராட்சை மட்டும்தானே, சைவம்தானே என்று நினைக்கிறீர்களா? நில்லுங்கள்! கலங்கலைத் தெளியவைக்கப் பல ஒயின்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிறார்கள். பால் புரதம் சேர்க்கிறார்கள். வெள்ளை ஒயினில் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த இசிங்கிளாஸையும் சேர்ப்பது உண்டு!

களிமண் போட்டுத் தெளியவைக்கும் ஒயினும் இருக்கிறது! பெண்டோனைட் என்ற அந்த மண்ணைக் கரைத்து ஊற்றினால் கலங்கலை இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும்!

கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் என்றாலே ஒயினைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். ஐரோப்பாவில் டிரை வெள்ளை ஒயினுக்கு உச்சவரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம். மஞ்சள் நிறம் மாறாத உலர் ஆப்ரிகாட் பழத்தில்? கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை அனுமதி!

பாட்டிலே வேண்டாம்!

கோயில் ஊரில் வீட்டுக்குள் ஒயின் எதற்கு என்கிறீர்களா? சபாஷ்! பாட்டில் இல்லாமலே அந்தச் சுவைக்குப் பக்கத்தில் போகலாம். அரை கப் ஒயினுக்குப் பதில் காய்கறி வேகவைத்த தண்ணீர் அரை கப், எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன். தீர்ந்தது விஷயம்!

இன்னொரு வழி, காய்ப்பருவத் திராட்சையைப் பிழிந்த சாறு. நொதிக்கவைப்பதில்லை, அதனால் போதை கிடையாது, அமிலம் மட்டும் அப்படியே இருக்கும்! எலுமிச்சை அபூர்வமாக இருந்த காலத்து ஐரோப்பாவில் சமையலுக்குப் புளிப்பு தந்தது இந்தச் சாறுதான். 1984-ல் ஆஸ்திரேலியச் சமையல் கலைஞர் மேகி பியர் அதை மீண்டும் பாட்டிலில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்!

திராட்சைச் சாற்றை நொதிக்காமல் பாட்டிலில் காப்பாற்ற முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் தாமஸ் வெல்ச். தேவாலயத்தில் மது வேண்டாம் என்பதற்காகவே 1869-ல் செய்தார்!

கொதித்தால் போய்விடுமா?

‘அடுப்பில் வைத்ததும் ஆல்கஹாலெல்லாம் ஆவியாகிவிடும்.’ எல்லோரும் சொல்வார்கள். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் முழுக்கப் போய்விடும் என்பது சுத்தப் பொய்!

அமெரிக்க வேளாண் துறையின் கணக்கைப் பாருங்கள். 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிச்சம். அரை மணி நேரத்தில் 35 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கொதித்தபிறகும் 5 சதவீதம் உட்கார்ந்திருக்கும்!

நெருப்பு வைத்துத் தகதகவென்று எரியவிடுவார்களே, அதிலாவது போகுமா? போகாது! எரித்தபின்னும் 75 சதவீதம் அப்படியே இருக்கும்!

திருவண்ணாமலையில் வெளிநாட்டு அன்பர்கள் கூடும் செங்கம் சாலைப் பக்கம் பாஸ்தா, ரிசோட்டோ சாப்பிட உட்காருகிறீர்களா? தட்டு வரும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ‘சாஸில் ஒயின் சேர்த்திருக்கிறதா?’ விரதக்காரர்கள், மருந்து சாப்பிடுபவர்கள், குழந்தையோடு வந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை!